கல் உடைத்தவனுக்குக் கிடைத்த பாட்டு: யெப்பெ ஓக்கேரின் கோபம் எங்கே போனது?

யெப்பெ ஓக்கேர் (1866–1930) என்ற டேனிஷ் எழுத்தாளர் இன்று அவரது ஊரில் உயிரோடு இருப்பது பாட்டாகத்தான். பள்ளிக்கூடத்தில், 'மக்கள் உயர்நிலைப் பள்ளி' என்று அவர்கள் சொல்லும் இடங்களில், கூட்டம் கலைகிற நேரத்தில் அவர் பாட்டைப் பாடுகிறார்கள். ஓட்ஸ் பயிரே 'நான்' என்று பேசுகிற பாட்டு ஒன்று. சூரியன் இறங்கும் நேரத்து அமைதியைச் சொல்லும் பாட்டு ஒன்று. மெட்டு இனிமை, சொல் எளிமை, கேட்டால் வயல் வாசனை வரும். எல்லாம் சரி. ஆனால் இதே ஆள் 1904-ல் 'கோபத்தின் பிள்ளைகள்' என்று ஒரு நாவல் எழுதினார். பண்ணை வேலைக்காரர்களை விவசாயிகள் எப்படி நடத்துகிறார்கள் என்று போட்டு உடைத்த நாவல். அது வந்தபோது நாடு முழுக்கச் சண்டை. இன்று அதைப் படிப்பவர்கள் பெரும்பாலும் இலக்கிய வரலாறு படிப்பவர்கள்தான்.

ஒரே மண், ஒரே ஆள். பாட்டு நின்றது, நாவல் போய்விட்டது. தரத்தினால் அப்படி ஆனதா, இல்லை வேறு காரணமா என்பதுதான் என் கேள்வி. 'வட்டார எழுத்து' என்ற லேபிளை நாம் சும்மா ஒட்டிக்கொண்டே போவதால் இது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

முதலில் அந்த மண். யூட்லாந்து தீபகற்பத்தின் மத்தியில், ஷீவே என்ற சிறு நகரத்துக்குப் பக்கத்தில் ஃப்ளூ என்ற ஊர். அங்கே ஓக்கேர் என்ற பண்ணை வீட்டில் பிறந்தார். பிறந்தபோது பெயர் யெப்பெ யென்சன். அந்த நாட்டில் யென்சன்கள் தெருவுக்குப் பத்துப் பேர், அதனால் பண்ணையின் பெயரையே தன் பெயராக்கிக்கொண்டார். அந்தப் பெயரைப் பிரித்தால் 'ஓடை' 'சதுப்பு' என்று இரண்டு சொல். நிலத்தின் விவரக்குறிப்பையே பெயராகப் போட்டுக்கொண்ட மாதிரி. (எழுத்தில் முதலில் இரண்டு 'ஆ' போல இருக்கும், உச்சரிப்பு 'ஓ'வுக்குப் பக்கம். 1948 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய பெயர்களில் இந்தக் குழப்பம் உண்டு.)

அவர் பிறந்த அதே 1866-ல்தான் டேனிஷ் தரிசுநிலச் சங்கம் ஓர்ஹூஸ் நகரில் தொடங்கியது. எதற்கென்றால், 1864-ல் பிரஷ்யாவிடமும் ஆஸ்திரியாவிடமும் தோற்று டென்மார்க் தெற்கே பெரிய நிலப்பரப்பை இழந்தது. வெளியே இழந்ததை உள்ளே ஈடுகட்ட வேண்டும் என்ற வேகம். யூட்லாந்தின் ஹெதர் புதர் மண்டிய தரிசை உழுது, சுண்ணாம்புக் களிமண் கொட்டி, காற்றுத்தடுப்பு மரம் நட்டு, வயலாக்கினார்கள். ஓக்கேர் வளர்ந்தது இந்த மாற்றத்தின் நடுவில். அவருடைய தரிசுநில வர்ணனையில் ஏக்கம் இருக்கிறது என்றால், அது கண் முன்னால் கரைந்துகொண்டிருந்த நிலத்தின் மேல் உள்ள ஏக்கம்.

இனி சட்டம். நாவலை விட இதில் நான் அதிக நேரம் செலவழித்தேன், காரணம் இது தெரியாமல் நாவலின் சத்தம் ஏன் அவ்வளவு பெரிதாக இருக்கிறது என்று புரியாது.

1854-ன் வேலைக்காரர் சட்டம் என்று ஒன்று. அதன்படி வேலைக்குச் சேர்வது, விலகுவது எல்லாம் மே 1, நவம்பர் 1 என்ற இரண்டு நாட்களில்தான். இடையில் விட்டுப் போனால் சட்டம் வேலைக்காரர் மேல் பாயும். 18 வயதுக்குட்பட்ட பையன்களையும் 16 வயதுக்குட்பட்ட பெண்களையும் அடிக்க எஜமானுக்கு உரிமை உண்டு. வழக்கம் என்று சொல்லவில்லை, உரிமை, சட்டத்திலேயே எழுதியிருந்தது. இது போக 1832 முதலே ஒவ்வொரு வேலைக்காரரும் ஒரு சிறு பதிவுப் புத்தகம் வைத்திருக்க வேண்டும். எந்தப் பண்ணையில் எந்தத் தேதியில் சேர்ந்தார், எப்போது விலகினார், எல்லாம் அதில் இருக்கும். ஆரம்பத்தில் நடத்தையைப் பற்றியும் எஜமான் எழுதுவார். புது ஊருக்குப் போனால் பாதிரியாரிடமோ காவல் அதிகாரியிடமோ அதைக் காட்ட வேண்டும். இன்றைய வேலைச் சந்தையில் 'ரிலீவிங் லெட்டர்' இல்லாமல் தவித்தவர்களுக்கு இது கொஞ்சம் புரியும். ஆனால் ரிலீவிங் லெட்டர் வைத்திருப்பவரை யாரும் பிரம்பால் அடிப்பதில்லை.

அடுத்தது ஓட்டுரிமை. 1849 ஜூன் 5-ல் டென்மார்க்குக்கு ஜனநாயக அரசியல் சட்டம் வந்தது. ஐரோப்பாவிலேயே முற்போக்கானது என்று பேர். ஆனால் ஓட்டு யாருக்கு? சொந்தக் குடித்தனம் உள்ள 30 வயது தாண்டிய ஆண்களுக்கு. பெண்கள், அடுத்தவர் வீட்டில் தங்கி வேலை செய்பவர்கள், அரசு உதவியில் வாழும் ஏழைகள், குற்றவாளிகள், திவாலானவர்கள், மனநலம் குன்றியவர்கள், வெளிநாட்டவர் எல்லாரும் வெளியே. டேனிஷில் இந்த ஏழு சொற்களும் 'எஃப்'பில் தொடங்கும். 'ஏழு எஃப்கள்' என்று இன்றும் பள்ளியில் சொல்லிக்கொடுக்கிறார்கள். இது மாறியது 1915-ல். அதாவது நாவல் வந்த 1904-ல், அதில் வரும் பண்ணையாள் நிஜ வாழ்க்கையில் ஓட்டுப் போட முடியாதவன்.

அந்தக் காலத்து டென்மார்க் என்றால் உலகத்துக்குக் கூட்டுறவுப் பால்பண்ணைதான் ஞாபகம் வரும். 1882-ல் யூட்லாந்தின் மேற்கே முதல் கூட்டுறவுப் பால்பண்ணை. பத்து மாடு வைத்திருப்பவருக்கும் ஒரு மாடு வைத்திருப்பவருக்கும் ஒரே ஓட்டு. அழகான ஏற்பாடு, அதைக் கேலி செய்யவில்லை. ஆனால் மாடே இல்லாதவர் அந்தக் கணக்கில் எங்கே? பால் கறந்து வண்டியில் ஏற்றி அனுப்பிய கை அவருடையது. 1901-ல் விவசாயிகளின் கட்சியே ஆட்சிக்கு வந்தது. நகரத்து மேட்டுக்குடியை எதிர்த்துப் போராடி வென்ற நல்லவர்கள் என்று விவசாயிகளுக்கு நாட்டில் ஒரு ஒளிவட்டம். மூன்றே வருடத்தில், விவசாயி வீட்டில் பிறந்த ஒருவர், அவர்கள் தொழுவத்தை ஒட்டின அறையில் யார் படுத்திருக்கிறார் என்று திறந்து காட்டினால் கோபம் வராமல் என்ன செய்யும்?

நாவலின் தலைப்பு பைபிளிலிருந்து. எபேசியருக்கு எழுதிய நிருபத்தில் வரும் சொல்லாட்சி, நம் தமிழ் பைபிளில் 'கோபாக்கினையின் பிள்ளைகள்' என்று இருக்கும். அங்கே கோபம் கடவுளுடையது. பிறப்பிலேயே தண்டனைக்கு ஆளான மனிதர்கள் என்று பொருள். ஓக்கேர் கையில் அது இரண்டு பக்கமும் வெட்டுகிறது. சபிக்கப்பட்டது போல வாழும் வேலைக்காரர்கள், அந்த வாழ்க்கையால் கோபம் ஏறிய வேலைக்காரர்கள். துணைத்தலைப்பு இன்னும் குறும்பு: 'ஒரு வேலையாளின் சாகா'. சாகா என்றால் ஐஸ்லாந்துப் பழங்கதைகளில் குலத்தலைவர்களுக்கும் வீரர்களுக்கும் உரிய வடிவம். அதைத் தூக்கி மாட்டுத்தொழுவத்துப் பையனுக்குக் கொடுத்துவிட்டார்.

நாவலாக அது எப்படி? நேராகச் சொல்கிறேன், முழு வெற்றி இல்லை. கதையை ஓட விடாமல் ஆசிரியர் குறுக்கே வந்து பேசுகிறார். எஜமான்கள் பலரும் ஒரே அச்சில் வார்த்தவர்கள். வாசகரை நம்பாமல், இது அநியாயம் என்று இரண்டு தடவை அடிக்கோடு போடுகிற எழுத்து. நவீன விமர்சகர்கள் இதைப் 'பிரச்சார நாவல்' என்ற பெட்டிக்குள் போட்டு மூடியதில் ஆச்சரியம் இல்லை.

ஆனால் 'பிரச்சாரம்' என்று மூடிவிட்டால் ஒரு விஷயம் தப்பிப் போகிறது. வட்டாரத்தின் தகவல்கள் இங்கே அலங்காரமாக வரவில்லை. என்ன சாப்பாடு, எங்கே படுக்கை, எத்தனை மணிக்கு எழுப்புகிறார்கள், மேய்க்கிற பையன் மழையில் எங்கே ஒதுங்குகிறான் என்பதெல்லாம் சாட்சியமாக வருகிறது. பாட்டில் வரும் அதே வயல்தான். பாட்டில் அது யாருடைய வயல் என்று கேட்கத் தோன்றாது, நாவலில் அந்தக் கேள்வியை விட்டுவிட்டு ஒரு பக்கம்கூடப் படிக்க முடியாது.

ஒப்பிட ஒரு நாவல் வேண்டுமென்றால் மார்ட்டின் ஆண்டர்சன் நெக்ஸோவின் 'வெற்றியாளன் பெல்லெ'. நான்கு பாகம், 1906 முதல் 1910 வரை வந்தது. முதல் பாகத்தில் ஸ்வீடனிலிருந்து அப்பாவும் பிள்ளையும் போர்ன்ஹோல்ம் தீவுக்கு வந்து ஒரு பண்ணையில் வேலைக்குச் சேர்கிறார்கள். பில்லே ஆகஸ்ட் 1987-ல் எடுத்த படம் கான் விழாவிலும் ஆஸ்கரிலும் பரிசு வாங்கியதால் பலரும் பார்த்திருப்பீர்கள். ஓக்கேர் முந்தியவர், ஆனால் நெக்ஸோ வென்றார். காரணம் எனக்குத் தெளிவாகவே படுகிறது. நெக்ஸோவின் அப்பா பாத்திரம் லாஸ்ஸெ ஒரு கோழை. பிள்ளையைக் காப்பாற்றுவேன் என்று வீரம் பேசி, எஜமான் முன்னால் கூனிக் குறுகுகிற கிழவர். அடிமைத்தனம் ஆளை உள்ளே என்ன செய்கிறது என்று ஒரு மனிதரை வைத்தே காட்டிவிடுகிறார். ஓக்கேர் அடியைக் காட்டுகிறார். நெக்ஸோ, அடி விழப்போகிறது என்று தெரிந்த உடம்பு எப்படி முன்கூட்டியே வளைகிறது என்பதைக் காட்டுகிறார்.

நாடகங்களைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. 'ஹெய்ன்ஸ்கோர் பண்ணை வாழ்க்கை' (1907), 'ஓநாயின் மகன்' (1909), 'விவசாயிகள் காதலிக்கும்போது' (1911). சொத்து, கல்யாணம், பிடிவாதக்காரக் கிழ விவசாயி, குறுக்கே காதல். ஊர்ப்புற அமெச்சூர் குழுக்களுக்கு அல்வா மாதிரி. முதலாவதும் மூன்றாவதும் பின்னாளில் சினிமாவாயின. நாவலில் சண்டைக்காரராக நின்றவர், மேடையில் கை தட்ட வைக்கிறார். அதே பணக்கார விவசாயியைப் பார்த்து அதே விவசாயிகள் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். தன்னைப் பற்றித்தான் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

மொழிக்கு வருவோம். இதில்தான் ஓக்கேர் பெரிய ஆள். டேனிஷில் 'அந்த வீடு' என்று சொல்ல, 'அந்த' என்பதைச் சொல்லின் வாலில் ஒட்டுவார்கள்: 'ஹூஸ்' என்றால் வீடு, 'ஹூசெட்' என்றால் அந்த வீடு. மேற்கு யூட்லாந்துப் பேச்சில் வால் கிடையாது, முன்னால் ஒரு சின்ன 'எ' வரும்: 'எ ஹூஸ்'. 'நான்' என்பதற்குத் தலைநகரத்தில் 'யை', அங்கே வெறும் 'ஆ'. ஒரே மொழியின் இலக்கணம் தீபகற்பத்தின் நடுவில் ஒரு கோடு போட்டு மாறுகிறது. மொழிபெயர்ப்பு மென்பொருளில் இந்த உரையாடல்களைப் போட்டுப் பார்த்தேன். அந்த 'எ'யை எழுத்துப்பிழை என்று நினைத்து விழுங்கிவிடுகிறது. வேலைக்காரன் பேசினாலும் அமைச்சர் பேசினாலும் ஒரே சுத்தமான ஆங்கிலம் வெளியே வருகிறது. பிறகு அகராதியை வைத்துக்கொண்டு வரிவரியாகத்தான் போக வேண்டியிருந்தது. யார் தலைநகரத்து மொழி பேசுகிறார், யார் ஊர்ப் பேச்சு பேசுகிறார் என்பது தெரியாமல் இவர் கதையில் பாதி புரியாது. பின்னாளில் ஸ்காட்லாந்துக் கவிஞர் பர்ன்ஸின் புகழ்பெற்ற பிரிவுப் பாட்டை யூட்லாந்துப் பேச்சிலேயே மாற்றி எழுதினார். பர்ன்ஸும் உழவர், அவரும் ஊர்ப்பேச்சில் எழுதியவர், தேர்வு சரிதான். டேனிஷ்காரர்கள் இன்றும் பாடுவது அந்த வடிவத்தைத்தான்.

ஆய்வுக்குறிப்பு எழுதுகிற நமக்கு ஓக்கேரின் இன்னொரு முகம் பிடிக்கும். பட்டம் எதுவும் இல்லாமலே ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து தோண்டியவர். யூட்லாந்து தரிசுநிலத்தின் முதல் பெரிய கதைசொல்லி, பாதிரியார் ஸ்டேன் ஸ்டேன்சன் ப்ளிக்கர் (1782–1848). கடன், குடி, கசந்த கல்யாணம் என்று வாழ்ந்து செத்தவர். அவருடைய வாழ்க்கையை ஓக்கேர் பல பாகங்களாக, பழைய தாள்களிலிருந்து எழுதினார். வெளியான வருடங்கள் 1903, 1904. தேதிகளைக் கவனியுங்கள். பகலில் பழைய காகிதம், இன்னொரு பக்கம் கோபக்கார நாவல், இரண்டும் ஒரே சமயத்தில் நடந்திருக்கிறது. நாவலில் அந்த சாட்சியத் தொனி எங்கிருந்து வந்தது என்று எனக்கு இங்கேதான் பிடி கிடைத்தது. ப்ளிக்கரை வைத்து 1917-ல் ஒரு நாடகமும் எழுதினார். 1839-ல் ப்ளிக்கர் ஹிம்மெல்பியெர்க் குன்றில் மக்கள் கூட்டம் கூட்டியதை நினைத்தோ என்னவோ, ஓக்கேரும் 1909 முதல் தன் பண்ணை வீட்டில் கோடை விழா நடத்தினார். ஸாலிங் பகுதியில் அவர் கட்டிய அந்தப் பண்ணையின் பெயர் 'யென்லெ'. ஊர்ப்பேச்சில் 'தனியாக' என்று அர்த்தம். பெயர் அப்படி, விழாவுக்கு வந்ததோ ஆயிரக்கணக்கில் கூட்டம்.

சரி, பாட்டுக்குத் திரும்புவோம். 'யென்ஸ் சாலைக்காரன்' என்ற கவிதை 1905-ல் எழுதியது, 1906-ல் 'ரையின் பாடல்கள்' தொகுப்பில் சேர்ந்தது. ரை என்பது அந்த மணல் மண்ணில் விளைகிற, கறுப்பு ரொட்டிக்கான தானியம். சாலையோரம் உட்கார்ந்து வாழ்நாள் முழுக்கக் கல் உடைக்கிற ஒரு கிழவர். மற்றவர் போக வழி செய்தே செத்துப் போகிறார். அவர் சமாதியில் வைக்க ஒரு கல் இல்லை, உளுத்துப்போன பழைய பலகைதான். அவ்வளவுதான் கதை. 1907-ல் கார்ல் நீல்சன் மெட்டுப் போட்டார், நாடே பாடியது.

இந்தக் கவிதையில் நாவலின் மொத்த விஷயமும் இருக்கிறது. ஆசிரியர் குறுக்கே வந்து பேசவே இல்லை. கல்லையும் பலகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு நகர்ந்துவிட்டார். கலையாகப் பார்த்தால் நாவலை விட எவ்வளவோ உயரம். 'அப்புறம் என்ன, நல்லது நின்றது, மற்றது போனது' என்று சொல்லிவிடலாம். எனக்கு அங்கேதான் உறுத்துகிறது. யென்ஸை அந்த நிலையில் வைத்தது யார் என்று கவிதை கேட்பதில்லை. கூலி கொடுத்தவர் யார், ஊர்ச்சபையில் உட்கார்ந்திருந்தது யார்? பாட்டில் குற்றவாளி இல்லை, துக்கம் மட்டும் இருக்கிறது. அதனால் பண்ணைக்காரரும் பாடலாம், பண்ணையாளும் பாடலாம். நாவலை அப்படி இரண்டு பேரும் சேர்ந்து படிக்க முடியாது, யாராவது ஒருவர் எழுந்து போய்விடுவார். நாவல் மங்கியதற்கு அதன் குறைகள் பாதிக் காரணம் என்றால், மீதிக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

இன்னொரு பெயரைச் சொல்லாமல் முடிக்க முடியாது. மரீ ப்ரெகெண்டால் (1867–1940). அதே ஃப்ளூ ஊரில் பிறந்தவர், ஓக்கேரை 1893-ல் மணந்தவர். கோபன்ஹேகனில் ஆட்களைத் தங்கவைத்துச் சமைத்துப் போட்டுக் குடும்பத்தை ஓட்டினார். சில வருடத்தில் பிரிவு, 1900-ல் விவாகரத்து. மகன் ஸ்வெண்ட் பின்னாளில் வரலாற்றாசிரியர், ஆவணக் காப்பாளர். ஓக்கேரைப் பற்றிய பல கட்டுரைகளில் இவர் 'முதல் மனைவி' என்று அரை வரியில் வந்து போகிறார். இவர் 1912-ல் எழுதிய 'ஒரு சாவின் இரவு' நாவலை எடுத்துப் படியுங்கள். பண்ணை வீட்டில் பிரசவத்தில் தாய் செத்துக்கொண்டிருக்கிறாள். ஒரே இரவு. குழந்தைகளுக்கு யாரும் எதையும் விளக்குவதில்லை. கதவு திறக்கும் சத்தம், பெரியவர்களின் கிசுகிசுப்பு, யாரோ ஓடுவது ஆகியவற்றை வைத்து அவர்களாகவே புரிந்துகொள்கிறார்கள். மரீக்கும் சின்ன வயதிலேயே அம்மா போய்விட்டார், தம்பி தங்கைகளுக்கு மூத்தவர் இவர்.

ஓக்கேரிடம் எதிரி வெளியே இருக்கிறார், கை நீட்டிக் காட்ட முடியும். ப்ரெகெண்டாலிடம் அப்படி யாரும் இல்லை. வேலை, பிரசவம், வயல், மறுபடி பிரசவம் என்று ஒரு பெண்ணின் உடம்பைத் தின்றுகொண்டே ஓடும் ஒரு பண்ணை. சட்டம் போட்டு மாற்ற முடியாத ஒன்றை அவர் பார்க்கிறார். நாவல் என்ற வடிவத்தில் அந்த வட்டாரத்தை எழுதியவர்களில் எனக்கு ஓக்கேரை விட இவரே மேல். அதே மண்ணைப் பற்றிய புத்தகம், ஆனால் இதில் 'மண் மணம்' என்று சொல்லிப் புகழ ஒரு இடம்கூடக் கிடைக்காது.

தமிழில் ஸ்காண்டிநேவிய கிராமம் என்றால் க.நா.சு. மொழிபெயர்த்த 'நிலவள'மும் 'மதகுரு'வும்தான் பலருக்கும் ஞாபகம் வரும். ஒன்று நார்வே, மற்றது ஸ்வீடன். அந்த அலமாரியில் டேனிஷ் புத்தகம் ஒன்று வைக்கலாமென்றால் என் ஓட்டு 'ஒரு சாவின் இரவு'க்கு. நூற்றைம்பது பக்கத்தைச் சுற்றியே முடிகிற அளவு, ஆங்கிலத்தில் 1931-லேயே வந்திருக்கிறது, ஆர்வமுள்ள மொழிபெயர்ப்பாளர் யாராவது இதைப் படித்தால் பார்க்கவும்.

'கோபத்தின் பிள்ளைக'ளைப் பொறுத்தவரை ஒரு தகவல் பாக்கி. 1854-ன் சட்டம் 1921-ல் போனது. அடிக்கிற உரிமை, பதிவுப் புத்தகம் இரண்டும் அதோடு ஒழிந்தன. நாவலால்தான் போனது என்று சொல்ல மாட்டேன், தொழிற்சங்கங்களும் 1915-ல் கிடைத்த ஓட்டும் பெரிய காரணங்கள். ஆனால் அந்தப் பேச்சைத் தொடங்கி வைத்த குரல்களில் அது ஒன்று, சத்தமான ஒன்று. சட்டம் போன பிறகும் ஓக்கேர் ஒன்பது வருடம் இருந்தார். அந்தக் கடைசி வருடங்களில் அவர் எழுதியது தன் சிறுவயது நினைவுகளை. முதல் பாகம் 1928-ல் வந்தது, கடைசிப் பாகம் அவர் இறந்த பிறகு 1934-ல்.